மையை நாமே ஊற்றுவதா, கடையில் கொடுப்பதா, பிரிண்டரையே மாற்றுவதா?

நான்காயிரம் ரூபாய்க்கு வீட்டுக்கு ஒரு இங்க்ஜெட் பிரிண்டர் வாங்கினேன். கூடவே வந்த கறுப்பு கார்ட்ரிட்ஜ் மூன்றாம் மாதம் தீர்ந்தது. புதிதுக்குக் கடையில் விலை கேட்டால் தொள்ளாயிரம். வண்ணக் கார்ட்ரிட்ஜும் ஏறக்குறைய அதே விலை. இரண்டையும் இரண்டு தடவை மாற்றினால் கிட்டத்தட்ட இன்னொரு பிரிண்டரே வாங்கிவிடலாம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றுதான் மெடிக்கலில் ஐந்து மி.லி. சிரிஞ்ச் இரண்டு வாங்கினேன்.

மனைவி வீட்டில் டியூஷன் எடுக்கிறார். வாரத்துக்கு முப்பது, நாற்பது பக்கம் கேள்வித்தாள் ஓடும். அதுபோக மகளுக்குப் பள்ளி ப்ராஜெக்ட் நோட்டில் ஒட்ட மயில், தேசத் தலைவர்கள், சூரியக் குடும்பம் என்று ஏதாவது ஒன்று, பெரும்பாலும் இரவு ஒன்பதரை மணிக்கு மேல்தான் கேட்பாள். இந்தத் தேவைக்காக ஒரிஜினல் வாங்குவது, வீட்டில் மை ஊற்றுவது, கடையில் கொடுத்து நிரப்புவது, கார்ட்ரிட்ஜ் இல்லாமல் பாட்டில் மையை நேராக ஊற்றும் டேங்க் பிரிண்டர் என்று எல்லா வழியிலும் போய்ப் பார்த்தாயிற்று. ஜெராக்ஸ் கடையையும் இதில் ஒரு வழியாகவே சேர்த்துக்கொள்கிறேன். பலருக்கு அதுதான் சரியான வழி.

விலையை ஒப்பிடும் முன் உங்கள் கார்ட்ரிட்ஜைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். அடியில் நுண்ணிய துளைகளோடு மெல்லிய தகடு ஒன்றும், பின்பக்கம் செம்பு நிறத்தில் வரிசையாகப் புள்ளிகளும் இருந்தால் பிரிண்ட் ஹெட், அதாவது மையைக் காகிதத்தில் தெளிக்கும் பகுதி, கார்ட்ரிட்ஜிலேயே இருக்கிறது என்று அர்த்தம். எச்.பி.யின் 678, 680, 803, கேனானின் பி.ஜி. 47, சி.எல். 57 எல்லாம் இந்த வகை. அடியில் மை வெளியேற ஒரு வாயும் சின்னச் சிப்பும் மட்டும் இருந்தால் ஹெட் பிரிண்டருக்குள் இருக்கிறது. எப்சன் எப்போதுமே இப்படித்தான்.

இது ஏன் முக்கியம் என்றால், மை ஊற்றும்போது நாம் பணயம் வைப்பது எதை என்பது இதில்தான் தீர்மானமாகிறது. முதல் வகையில் சொதப்பினால் போவது ஒரு பழைய கார்ட்ரிட்ஜ். எப்படியும் குப்பைக்குப் போக இருந்ததுதான். இரண்டாவது வகையில் கண்ட மையை ஊற்றி அடைத்துக்கொண்டால் பிரிண்டரே போச்சு. அதனால் கீழே வீட்டில் மை ஊற்றுவதைப் பற்றி நான் சொல்வதெல்லாம் முதல் வகைக்கு மட்டும். இரண்டாவது வகைக் கார்ட்ரிட்ஜ்களில், மைக்குக் கணக்கு வைக்கும் சிப்பை ரீசெட் செய்கிற வேலையும் சேர்ந்துகொள்ளும். அந்த அவஸ்தைக்கு டேங்க் பிரிண்டர் வாங்குவது மேல்.

எச்.பி., கேனான் ஹெட்டுகள் வேலை செய்யும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். ஒவ்வொரு துளைக்கும் அருகில் நுண்ணிய சூடேற்றி ஒன்று உண்டு. அது ஒரு நொடியில் லட்சத்தில் ஒரு பங்கைவிடக் குறைந்த நேரத்தில் மையைக் கொதிக்கவைத்துக் குமிழி ஆக்கும். குமிழி ஒரு துளி மையை வெளியே தள்ளும். கேனான் இதற்கு பபுள் ஜெட் என்றே பெயர் வைத்தது. அந்தச் சூடேற்றியைக் குளிர்விப்பதும் அதே மைதான். மை இல்லாமல் ஓட்டினால், தண்ணீர் ஊற்றாத குக்கரை அடுப்பில் வைத்த கதை. வெளிறிப் போன எழுத்தோடு இன்னும் பத்துப் பக்கம் ஓட்டிவிட்டு அப்புறம் மை ஊற்றலாம் என்று நினைப்பவர்களின் கார்ட்ரிட்ஜ்தான் முதலில் சாகும். என் முதல் கார்ட்ரிட்ஜ் அப்படித்தான் போனது. எட்டு மி.லி. மை ஊற்றியும் ஒரு கோடு வரவில்லை.

வீட்டில் ஊற்றுவது

கறுப்பு எளிது. மேலே ஒட்டியிருக்கும் லேபிளை மெதுவாக உரித்தால் துளை தெரியும். உள்ளே பஞ்சு இருக்கும். சிரிஞ்சில் ஐந்து மி.லி. மை எடுத்து, ஊசியைப் பஞ்சுக்குள் இறக்கி, சொட்டுச் சொட்டாகத் தள்ள வேண்டும். வேகமாகத் தள்ளினால் காற்றுக் குமிழி மாட்டிக்கொள்ளும். மை நிறைய இருந்தும் அச்சில் வெள்ளைக் கோடு விழுவது அதனால்தான். துளை வாய்க்கு மை ஏறி வந்துவிட்டால் நிறுத்தி, சிரிஞ்சால் கொஞ்சம் திரும்ப உறிஞ்சிவிட வேண்டும். அப்புறம் மடித்த டிஷ்யூ பேப்பரில் ஹெட்டை ஒற்றி எடுத்தால் கறுப்பாக ஒரு பட்டை விழும். விழுந்தால் வேலை முடிந்தது. விழாவிட்டால் டிஷ்யூவை வெந்நீரில் நனைத்து ஹெட்டை அதன்மேல் ஐந்து நிமிடம் உட்காரவைத்துப் பாருங்கள். காய்ந்த மை இளகி வந்துவிடும், பெரும்பாலும்.

செம்புப் புள்ளிகளில் மை படக்கூடாது. லேபிளைத் திரும்ப ஒட்டும்போது காற்றுப் போகிற வழியை அடைத்துவிடக் கூடாது. செலோடேப் போட்டு இறுக்கி மூடினால் மை இறங்காது. தரையில் இரண்டு செய்தித்தாள் விரித்துக்கொள்ளுங்கள். வெள்ளை வேட்டியோடு உட்காராதீர்கள். இதற்கு மேல் விவரம் கேட்காதீர்கள்.

மை ஊற்றிய பிறகும் பிரிண்டர் ‘மை இல்லை’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அது மையை அளந்து பார்ப்பதில்லை, எத்தனை துளி தெளித்தோம் என்று எண்ணிவைத்துச் சொல்கிறது. எச்.பி.யில் எச்சரிக்கைக்கு ஓகே கொடுத்துத் தாண்டிவிடலாம். கேனானில் ஸ்டாப் பட்டனை ஐந்து நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் அந்தக் கார்ட்ரிட்ஜுக்கு அளவு காட்டுவதை விட்டுவிட்டு அச்சிடத் தொடங்கும். அதன்பிறகு எப்போது தீரும் என்று நாம்தான் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். நான் இருநூறு பக்கம் ஆனதும், தீர்ந்ததோ இல்லையோ, மூன்று மி.லி. ஊற்றிவிடுவேன்.

எந்த மை என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மேலே சொன்ன கார்ட்ரிட்ஜ்களில் கறுப்பு நிறமித் துகள் கலந்த மை, அதாவது பிக்மென்ட். வண்ணங்கள் நீரில் கரையும் சாய மை, அதாவது டை. கடையில் ‘யுனிவர்சல்’ என்று நூறு மி.லி. பாட்டிலில் கிடைக்கும் கறுப்பு பெரும்பாலும் டை. அதைக் கறுப்பு கார்ட்ரிட்ஜில் ஊற்றினால் ஓடும், ஆனால் எழுத்தின் ஓரம் காகிதத்தில் ஊறிப் பரவும். ஈரக்கை பட்டால் கலையும். கேள்வித்தாளுக்குப் பரவாயில்லை, விண்ணப்பத்துக்கு ஆகாது. தலைகீழாக, டைக்கான ஹெட்டில் பிக்மென்ட் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெருவில் எல்லாமே கிடைக்கும். மற்ற ஊர்களில் கார்ட்ரிட்ஜ் எண்ணைச் சொல்லி, பிக்மென்டா, டையா என்று ஒரு வார்த்தை கேட்டு வாங்குங்கள். கேள்வியே புரியாத கடை என்றால் அடுத்த கடை.

வண்ணக் கார்ட்ரிட்ஜ் வேறு சமாச்சாரம். ஒரே டப்பாவுக்குள் மூன்று அறைகள். நீலம், ரோஸ், மஞ்சள். எந்தத் துளை எந்த நிறம் என்பது மாடலுக்கு மாடல் மாறும். யூடியூபில் யாரோ காட்டிய படத்தை நம்பாமல் ஒவ்வொரு துளையிலும் தனித்தனி ஈர்க்குச்சியை விட்டு எடுத்து நிறத்தைப் பாருங்கள். இரண்டு மி.லி.க்கு மேல் ஊற்றாதீர்கள். ஒன்று நிரம்பி வழிந்தால் ஹெட்டின் முகத்தில் பக்கத்து நிறத்தோடு கலந்து உள்ளே இழுக்கப்படும். மஞ்சளில் நீலம் ஏறிவிட்டால் அப்புறம் வாழ்நாள் முழுக்கப் பச்சைதான். என் மகள் ஒரு தடவை பச்சை நிறச் சூரியனை நோட்டில் ஒட்டிக்கொண்டு போனாள். டீச்சர் ஒன்றும் கேட்கவில்லையாம்.

கறுப்பை வீட்டிலும், வண்ணத்தைக் கடையிலும் நிரப்பலாம் என்பது அதற்குப் பிறகு நான் எடுத்த முடிவு.

கடையில் கொடுத்தால்

நூற்றைம்பது, இருநூறு ரூபாய் கேட்பார்கள். நல்ல கடையில் காற்றை உறிஞ்சியெடுக்கும் கருவி இருக்கும். அது குமிழியை இழுத்துவிடும் என்பதால் வீட்டில் நம் சிரிஞ்சுக்கு மசியாத கார்ட்ரிட்ஜ்கூட அங்கே உயிர் பெறும். கையில் மை ஒட்டாது. முக்கியமாக, நம் கண்ணெதிரே ஒரு பக்கம் அச்சிட்டுக் காட்டச் சொல்லலாம். காட்டாத கடையில் கொடுக்காதீர்கள். ‘வீட்டுக்குப் போய் ரெண்டு தடவை ஹெட் கிளீனிங் குடுங்க சார், வந்துரும்’ என்று ஒரு கடைக்காரர் அனுப்பிவைத்தார். வரவில்லை. திரும்பக் கொண்டுபோனால் ‘ஹெட் போயிருச்சு சார்’ என்றார். யாரிடம் இருந்தபோது போனது என்பதற்கு எந்தச் சாட்சியும் இல்லை.

இன்னொன்று, அவர்கள் ஊற்றுவது எந்த மை என்பது நமக்குத் தெரியாது. பெரும்பாலும் அதே யுனிவர்சல்தான்.

‘கம்பாட்டிபிள்’ என்று பாதி விலைக்கு விற்கும் கார்ட்ரிட்ஜ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹெட் உள்ள வகையில் அது பெரும்பாலும் யாரோ பயன்படுத்திப் போட்ட ஒரிஜினலில் மை நிரப்பிப் புதுப் பெட்டியில் அடைத்ததுதான். ஏற்கெனவே எத்தனை தடவை நிரப்பியது என்று தெரியாது. உங்களுடையதையே நிரப்பினால் அதன் ஜாதகமாவது கையில் இருக்கும். எச்.பி.யின் பல மாடல்களில் ‘டைனமிக் செக்யூரிட்டி’ என்று ஒரு பூட்டும் உண்டு. 2016 செப்டம்பரில் அதன் ஆபிஸ்ஜெட் பிரிண்டர்கள் பலவற்றில், அதுவரை ஓடிக்கொண்டிருந்த வெளிக் கார்ட்ரிட்ஜ்கள் திடீரென்று நிராகரிக்கப்பட்டு உலகம் முழுக்கச் சத்தம் கிளம்பியது. அந்தப் பூட்டு பார்ப்பது சிப்பை. எச்.பி.யின் சொந்தச் சிப் இருக்கும் பழைய கார்ட்ரிட்ஜில் நாமே மை ஊற்றினால் அது தடுப்பதில்லை என்று நிறுவனமே சொல்கிறது. வேறு சிப் போட்ட கம்பாட்டிபிள்தான் அதில் மாட்டிக்கொள்ளும்.

பக்கத்துக்கு எவ்வளவு?

எச்.பி. 680 கறுப்புக்கு நிறுவனம் சொல்லும் கணக்கு 480 பக்கம், வண்ணத்துக்கு 150. இந்த எண்கள் ஐ.எஸ்.ஓ. தரமுறைப்படி, லேசாக எழுத்து உள்ள சோதனைப் பக்கங்களைத் தொடர்ந்து ஓட்டி எடுத்தவை. வீட்டில் நாம் அப்படி ஓட்டுவதில்லை. இன்று இரண்டு, வியாழக்கிழமை பத்து. நடுவில் ஹெட்டைச் சுத்தம் செய்ய பிரிண்டரே கொஞ்சம் மையைக் குடிக்கும். எனக்கு 300 பக்கம்தான் வந்தது. முழுப்பக்க மயில் படம் அடித்தால் வண்ணத்தின் 150, பத்துப் பதினைந்தாகச் சுருங்கிவிடும்.

என் வீட்டுக் கணக்கை அப்படியே தருகிறேன். ஒரிஜினல் மட்டும் போட்டால் 900 ரூபாய்க்கு 300 பக்கம்; பக்கம் 3 ரூபாய். ஒரு கார்ட்ரிட்ஜ் சராசரியாக நான்கு தடவை நிரப்பும் வரை தாங்கியது, அதாவது மொத்தம் 1500 பக்கம். நூறு மி.லி. பாட்டில் 150 ரூபாய் என்றால் ஒரு தடவை ஊற்ற ஏழரை ரூபாய் ஆகிறது. ஆக 930 ரூபாய்க்கு 1500 பக்கம். பக்கம் 62 காசு. கடையில் 150 ரூபாய்க்கு நான்கு தடவை நிரப்பினால் பக்கம் ஒரு ரூபாய்.

கவனித்தீர்களா, வீட்டுக் கணக்கில் மையின் பங்கு முப்பதே ரூபாய். மீதி தொள்ளாயிரமும் கார்ட்ரிட்ஜின் விலை. ஆகவே மலிவான மை தேடி அலைவதில் சேமிப்பு ஒன்றும் இல்லை. கார்ட்ரிட்ஜை ஐந்தாவது, ஆறாவது தடவைக்கு உயிரோடு வைத்திருப்பதில்தான் இருக்கிறது. பாட்டிலுக்கு நூறு ரூபாய் கூடக் கொடுத்து நல்ல பிக்மென்ட் மையாக வாங்குங்கள்.

டேங்க் பிரிண்டருக்கு வருவோம். இது பிறந்த கதையே மை ஊற்றுகிறவர்களின் கதைதான். பிரிண்டருக்கு வெளியே மை டப்பாக்களை வைத்து, டியூப் இழுத்துக் கார்ட்ரிட்ஜோடு சேர்க்கும் வேலை ஒரு காலத்தில் நம் டி.டி.பி. கடைகளில் சகஜம். இந்தோனேசியாவிலும் அப்படித்தான். எப்சன் அதைப் பார்த்துவிட்டு, 2010-ல் இந்தோனேசியாவில் தானே டேங்க் வைத்த பிரிண்டரை இறக்கியது. பின்னாலேயே கேனானும் எச்.பி.யும் பிரதரும் வந்தன. எப்சன் 003 கறுப்பு மை 65 மி.லி. பாட்டிலுக்கு 4500 பக்கம் கணக்கு. நான் வாங்கிய விலை சுமார் 400 ரூபாய். நிஜ வாழ்க்கைக்குப் பாதியாகக் குறைத்து, பக்கம் 20 காசு என்று வைத்துக்கொள்வோம்.

ஆனால் பிரிண்டர் 12,000. என்னுடைய பழையதைவிட 8,000 அதிகம். ஒரிஜினல் கார்ட்ரிட்ஜ் போடுகிறவர் டேங்குக்கு மாறினால் பக்கத்துக்கு 2 ரூபாய் 80 காசு மிச்சம். ஏறத்தாழ 2,900 பக்கத்தில் அந்த 8,000 திரும்பிவிடும். வீட்டிலேயே மை ஊற்றுகிறவர் மாறினால் மிச்சம் 42 காசுதான். 8,000 திரும்ப 19,000 பக்கம் ஓட்ட வேண்டும். மாதம் 150 பக்கம் என்றால் பத்து வருடத்துக்கு மேல். இதைப் போட்டுப் பார்த்துவிட்டு ஒரு வருடம் டேங்க் வாங்காமல் இருந்தேன். அப்புறம் டியூஷனில் பிள்ளைகள் கூடி, மாதம் நானூறு பக்கம் ஆகி, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை சிரிஞ்சோடு உட்கார வேண்டி வந்தபோதுதான் வாங்கினேன். காசைவிட அந்த அரைமணி நேரம் பெரிதாகத் தெரிந்தது. வண்ணப் படம் பற்றி மகள் கேட்கும்போது முகம் சுளிக்க வேண்டியதில்லை என்பதும் ஒரு காரணம்.

டேங்கிலும் கவனிக்க வேண்டியது உண்டு. எப்சன் 003-ல் கறுப்பும் டை மைதான். அதில் அச்சிட்ட ஹால் டிக்கெட்டைச் சட்டைப் பையில் மடித்து வைத்து வியர்வையில் நனைத்தால் பெயர் பரவிவிடும். விண்ணப்பம், பத்திர நகல் என்று அதிகம் எடுப்பவர்கள் கறுப்பு பிக்மென்ட் உள்ள டேங்க் பிரிண்டரைப் பாருங்கள். கேனான் ஜி வரிசையிலும் எச்.பி. டேங்கிலும் அப்படி உண்டு. அவற்றில் பல மாடல்களில் ஹெட்டையும் நாமே கழற்றி மாற்ற முடியும். எப்சனில் அது மெக்கானிக் வேலை, செலவும் கூடுதல். எல்லா டேங்கிலும் சுத்தம் செய்த கழிவு மை ஒரு பஞ்சில் போய்ச் சேரும். சில வருடத்தில் ‘பஞ்சு நிரம்பிவிட்டது’ என்று பிரிண்டர் நின்றுவிடும். பயப்பட வேண்டாம், பஞ்சை மாற்றி ரீசெட் செய்தால் ஓடும். தேவையில்லாமல் ஹெட் கிளீனிங் கொடுத்துக்கொண்டே இருப்பவர்களுக்கு இது சீக்கிரம் வரும்.

வண்ணமே வேண்டாம், எழுத்து மட்டும் போதும் என்றால் இங்க்ஜெட் பக்கமே வராதீர்கள். கறுப்பு லேசர் வாங்குங்கள். டோனர் பொடிதான், காயாது. எச்.பி. 12ஏ டோனர் 2,000 பக்கம் ஓடும். ஊருக்கு ஊர் அதை நிரப்பித் தர ஆள் இருக்கிறார்கள். டோனரை மட்டும் வீட்டில் நிரப்பப் பார்க்காதீர்கள். அந்தக் கரிப்பொடி ஃபேன் காற்றில் பறந்தால் வீடு முழுக்கத் துடைக்க வேண்டும்.

காய்வதுதான் பிரச்சினை

ஒரு தடவை ஏப்ரலில் தேர்வு முடிந்து டியூஷனுக்கு லீவு விட்டோம். பிரிண்டரை யாரும் தொடவில்லை. கத்திரி வெயில் முடிந்து ஜூனில் பள்ளி திறந்தபோது இரண்டு கார்ட்ரிட்ஜும் கட்டையாகக் காய்ந்திருந்தன. இரண்டிலும் மை முக்கால்வாசி இருந்தது. வெந்நீர் வைத்தியம் கறுப்பைக் காப்பாற்றியது, வண்ணத்தைக் காப்பாற்றவில்லை. அன்று வரை நான் எண்ணிக்கொண்டிருந்தது பக்கங்களை. எண்ணியிருக்க வேண்டியது சும்மா கிடந்த நாட்களை.

இதில் நம் வீடுகளின் ஒரு பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. வேலை முடிந்ததும் சுவர் சுவிட்சைத் தட்டிவிடுவது. பிரிண்டரின் பவர் பட்டனை அழுத்தி நிறுத்தினால், அது ஹெட்டை ஓரத்துக்குக் கொண்டுபோய் ரப்பர் மூடியில் உட்காரவைத்துவிட்டுத் தூங்கும். வேலை நடுவில் சுவிட்சை அணைத்தால் ஹெட் நின்ற இடத்தில் நிற்கும், திறந்த வாயோடு. மே மாதத்தில் அப்படி ஒரு வாரம் விட்டாலே போதும்.

ஆகவே மாதத்துக்கு நாலைந்து பக்கம் மட்டும் எடுப்பவருக்கு நான் சொல்வது, எதையும் வாங்காதீர்கள். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கறுப்பு மூன்று ரூபாய், கலர் பத்து ரூபாய் கொடுத்துவிட்டு வாருங்கள். பெரும்பாலும் கறுப்பு என்றால் வருடத்துக்கு இருநூறு, முந்நூறு ரூபாய்கூட ஆகாது. இப்படிக் குறைவாக எடுப்பவர்களிடம் ஏற்கெனவே பிரிண்டர் இருந்தால், ஒரிஜினல் போட்டாலும் மை ஊற்றினாலும் காய்ந்துதான் போகும். வாராவாரம் எடுப்பவர், மாதம் இருநூறு பக்கத்துக்குள் என்றால், வீட்டில் மை ஊற்றக் கற்றுக்கொள்ளலாம், கறுப்பு மட்டும். அதற்கு மேல் போனால் டேங்க்.

எங்கள் பழைய பிரிண்டரைத் தூக்கிப் போடவில்லை. அது இப்போது மகளுடையது, ஆறாவது தடவை நிரப்பிய கறுப்பு கார்ட்ரிட்ஜோடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் அதில் ஒரு கோலம் பிரிண்ட் எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எந்தக் கோலம் என்பது அவள் இஷ்டம். நீலம், ரோஸ், மஞ்சள், கறுப்பு நாலும் இருக்க வேண்டும், முடிந்ததும் பட்டனை அழுத்தித்தான் நிறுத்த வேண்டும். போன வாரம் மஞ்சளில் ஒரு கோடு விட்டிருந்தது. வெந்நீர் வைக்கச் சொல்லிச் சமையலறையில் குரல் கொடுத்தாள்.